சொந்த ஊர்ப் பொன்னாடை

இங்கிட்டு உட்காருங்க தம்பி, தள்ளி உட்காருங்க, காலை நீட்டிக்கலாம். மேலூர் தாண்டுனா பஸ்ஸு இன்னும் காலியாயிரும். முன்னால அந்த அம்மாவுக்கு எந்திரிச்சு சீட்டு குடுத்தது நீங்கதானே? பச்சைச் சேலை, மடியில மஞ்சப்பை. பாத்தேன், பாத்தேன். அது நம்ம சம்சாரம்தான். நீங்க சட்டுனு எந்திரிச்ச வேகத்துலயே எனக்குப் புரிஞ்சு போச்சு, தம்பி நம்மளை அடையாளம் கண்டுக்கிட்டாருன்னு. கூச்சப்படாதீங்க. பெரிய ஆளுங்ககிட்ட வந்து பேச எல்லாருக்கும் கூச்சமாத்தான் இருக்கும். நானே பேசிருவேன், எனக்கு அது ஒன்னும் சிரமமில்ல.

தெரியலையா? நல்லாப் பாருங்க. நேராப் பாக்காதீங்க, சைடுல பாருங்க. டிவியில நான் சைடுலதான் தெரிவேன். பொங்கலன்னைக்குக் காலையில பட்டிமன்றம் போடுவாங்கள்ல, அதுல நடுவருக்கு வலது பக்கம் ரெண்டாவது நாற்காலி. ரெண்டு வருஷம் முன்னாடி போட்டாங்க. போன வருஷமும் போட்டாங்க, ஆனா என் பேச்சு வரும்போது விளம்பரம் வந்துருச்சு. சொல்லருவி ஆவுடையப்பன். ஆ, சிரிக்கிறீங்க பாருங்க, ஞாபகம் வந்துருச்சு.

இந்தப் புகழ் இருக்கே தம்பி, அதை எப்படி வச்சுக்கறதுன்னு நிறையப் பேருக்குத் தெரியறதில்ல. வந்ததும் தலைகால் புரியாம ஆடுவாங்க. நான் அப்படியில்ல. குடை மாதிரி வச்சிருக்கேன். மழைக்கு மட்டுந்தான் விரிக்கிறது. ஓட்டல்ல கெட்டிச் சட்னி வேணும்னா விரிப்பேன். கல்யாண வீட்டுல முதல் பந்தியில எடம் இல்லைன்னா விரிப்பேன். டாக்டர்கிட்ட டோக்கன் நாப்பதுன்னா விரிப்பேன், கோயில்ல வரிசை நீளமா இருந்தா விரிப்பேன், ரயில்ல கீழ் பெர்த்து வேணும்னா விரிப்பேன். தினமும் ஏதாவது ஒரு மழை பெய்யுது, அது என் குத்தமா? தெரியலைன்னு சொல்றவங்களுக்கு நானே ரெண்டு வரி பேசிக் காட்டி ஞாபகப்படுத்தி விட்டுருவேன். அவங்களுக்கும் பின்னாடி வருத்தம் இருக்கக்கூடாது பாருங்க.

என் பேச்சுக்கு மூலதனமே இவதான். முன்னால உட்கார்ந்திருக்காளே, அவதான். பஞ்சவர்ணம். எங்க ஊரு செம்பனேந்தல் அரசாங்க ஆசுபத்திரியில பிரசவ வார்டு நர்சு. முப்பத்துநாலு வருஷம் ஒரே வார்டு, இந்த மே மாசந்தான் ரிட்டயர் ஆனா. அவளுக்கு ஒரு மேடையும் தெரியாது, ஒரு மைக்கும் தெரியாது, பாவம். ஆனா நான் எந்த ஊர்ல பேசினாலும் இவளை வம்புக்கு இழுக்காம எறங்குனதில்ல. "ஐயா, எங்க வீட்டம்மா பிரசவ வார்டு நர்சு. பொறந்த பிள்ளை அழலைன்னா அந்த அம்மாவுக்குப் பொறுக்காது. காலைப் பிடிச்சுத் தலைகீழாத் தூக்கி ரெண்டு போடு போடும். கல்யாணம் ஆன நாள்லருந்து நானும் தலைகீழாத்தான் தொங்குறேன், இன்னும் அழுகை நிக்கலை"ம்பேன். பந்தலே ஆடிப்போகும். ஒரே ஜோக்கு, இருநூறு ஊரு. ஒரு ஊர்லயும் படுத்ததில்ல.

அந்த ஜோக்கு எம்புட்டுத் தூரம் போய்ச் சேர்ந்திருக்குன்னு சொல்றேன் கேளுங்க. இந்தக் காலத்துல எவனாவது பெத்த பிள்ளைக்குப் பஞ்சவர்ணம்னு பேரு வைப்பானா? எங்க ஊரு பள்ளிக்கூடத்துல பதினோரு பஞ்சவர்ணம் இருக்கு. அஞ்சாப்புல மட்டும் மூனு. வாத்தியாரு பெரிய பஞ்சு, சின்னப் பஞ்சு, நடுப் பஞ்சுன்னு கூப்பிடறாரு. எல்லாம் என் பேச்சைக் கேட்டு வச்ச பேரு. நான் மேடையில பேரைச் சொல்லிச் சொல்லி அது சனங்க மனசுல பதிஞ்சு போச்சு. இவகிட்டச் சொன்னேன், பாத்தியா உன்னை எப்படி ஆக்கி வச்சிருக்கேன்னு. ஆமாங்கன்னா. அவ எப்பவும் அதிகம் பேச மாட்டா.

இன்னொன்னு. நடுவுல ரெண்டு தடவை இவளுக்கு மாத்தல் போட்டாங்க. ஊரே கெளம்பிப் போச்சு தம்பி. பொம்பளைங்கல்லாம் பிள்ளையும் கையுமாப் போயி ஆபீஸ் வாசல்ல உட்கார்ந்து, ஆர்டரை ரத்து பண்ணின பிறகுதான் எந்திரிச்சாங்க. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. இவ போனா நானும் கூடப் போயிருவேன்னு பயந்திருக்காங்க. ஒரு பேச்சாளன் ஊரை விட்டுப் போறதுன்னா சும்மாவா?

தாலுகா ஆபீஸ்ல ஒரு சான்றிதழுக்காக நான் மட்டும் போனப்ப ரெண்டு மணி நேரம் நிக்க வச்சுட்டாங்க. பாவம், அந்தக் கிளார்க்கம்மா அன்னைக்குக் கண்ணாடி போடாம வந்திருக்கும். மறுநாள் இவளையும் கூட்டிக்கிட்டுப் போனேன். அதே கிளார்க்கம்மா எந்திரிச்சு நாற்காலி போட்டு, டீ வாங்கிக் குடுத்து, அஞ்சு நிமிஷத்துல கையெழுத்து. முதல் நாள் பண்ணின தப்புக்கு ராத்திரியெல்லாம் வருத்தப்பட்டிருக்கும்போல.

இம்புட்டு இருந்தும் எனக்கு ஒரு குறை இருந்துச்சு தம்பி. பெரிய குறை. இருநூத்துச் சொச்சம் ஊர்ல பொன்னாடை வாங்கியிருக்கேன். பீரோ நெறைஞ்சு, சோபாவுக்கு உறை தச்சு, டிவிக்கு மூடி, மிச்சத்தை இவ வார்டுக்கு எடுத்துட்டுப் போனா. ஆனா சொந்த ஊர்ல ஒன்னு, ஒரே ஒன்னு, யாரும் போத்துனதில்ல. கோயில் திருவிழாவுக்கு வெளியூர்லருந்து பேச்சாளரைக் கூட்டிட்டு வருவாங்க. நான் கீழ உட்கார்ந்து கைத்தட்டணும். ஒரு தடவை பொறுக்க மாட்டாம நானே போய்க் கேட்டேன். அடுத்த வருஷம் பாக்கலாம்னாங்க. அது ஆச்சு ஒம்பது வருஷம். முப்பத்தோரு வருஷம் பேசின ஒருத்தனுக்குச் சொந்தத் தெருவுல தலை நிமிர்ந்து நடக்க ஒரு துண்டு வேணும், அவ்வளவுதான். ராத்திரி சில நேரம் அதை நெனைச்சுத் தூக்கம் போயிரும். இவளுக்கும் தெரியும்.

அப்படி இருக்கையில இந்த ஆடி முடியுற சமயம், ஒரு காலை நேரம், நாலு பேரு வீட்டுக்கு வந்தாங்க. முன்னால ஜவுளிக்கடை அபுதாகிர் பாய், எங்க ஊரு வர்த்தகர் சங்கத் தலைவரு. கையில பழத்தட்டு. இவ தெக்குத் தெருவுல மாசமா இருக்கற ஒரு பொண்ணைப் பாக்கப் போயிருந்தா. "அம்மா இல்லீங்களா?"ன்னாரு பாய். அவ எதுக்கு, நான் இருக்கேன்ல, உட்காருங்கன்னேன். ஆவணி பத்து சாயங்காலம் கல்யாண மண்டபத்துல ஊர் சார்பா ஒரு பாராட்டு விழா வைக்கிறோம், அதுக்காகத்தான்னாரு.

அவ்வளவுதான் தம்பி. அதுக்கு மேல அவரு பேச வேண்டியதே இல்லாமப் போச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி கொட்டி, அந்த மனுஷன் கையைப் பிடிச்சுக்கிட்டேன். பாய், நீங்க ஒரு வார்த்தையும் சொல்ல வேணாம், முப்பத்தோரு வருஷமா இந்த நாளுக்காகத்தான் காத்திருந்தேன்னு ஆரம்பிச்சேன். முதல் மேடையிலருந்து சொன்னேன். முக்கால் மணி நேரம் ஆச்சு. பாய் ரெண்டு தடவை வாயைத் திறந்தாரு, நன்றியெல்லாம் எதுக்கு பாய்னு அடக்கிட்டேன். பெட்டியைத் திறந்து போட்டோ எடுத்துக் குடுத்தேன், கையை உயர்த்திப் பேசுற போட்டோ, எப்பவும் பன்னெண்டு காப்பி வச்சிருப்பேன். வாழ்க்கைக் குறிப்பு ஆறு பக்கம் டைப் அடிச்சு ரெடியா இருந்துச்சு, அதையும் குடுத்தேன். நாலு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. என் எளிமையைப் பாத்து அசந்துட்டாங்கன்னு நெனைச்சேன்.

போற வழியில தெருமுக்குல இவளைப் பாத்திருக்காங்க. நான் மாடியிலருந்து பாத்தேன், அரை மணி நேரம் நின்னு பேசிக்கிட்டு இருந்தாங்க. பாய் கையைக் கையை ஆட்டுறாரு, இவ தலையைத் தலையை ஆட்டுறா. வீட்டுக்குள்ள வந்து பையைக்கூட கீழ வைக்கல. "என்னங்க, உங்களுக்கு விழா எடுக்குறாங்களாமே. பட்டு வேட்டியை வெயில்ல போடட்டுமா?"ன்னா. நான் இவளைத் தூக்கி ஒரு சுத்து சுத்தாத குறைதான். அறுபத்திரெண்டு வயசுல குதிச்சிருக்கேன் தம்பி, கீழ் வீட்டுக்காரரு எட்டிப் பாத்துட்டாரு.

பத்து நாள் நான் தரையில நடக்கல. பஸ் ஸ்டாண்டுல ஃபிளெக்ஸ் வச்சாங்க, பன்னெண்டு அடி. தினமும் மூனு தடவை பாக்கப் போவேன். நடுவுல என் போட்டோ, தனியா அடிச்சு மேல ஒட்டியிருந்தாங்க. ஓரத்துல கொஞ்சம் வெள்ளையா ஏதோ துணி தெரிஞ்சுச்சு. கடைக்காரன் அவசரத்துல பண்ணியிருப்பான். சுத்திலும் பார்டர் பூரா சின்னச் சின்னக் குழந்தைங்க படம். பொறந்த குழந்தை, தவழுற குழந்தை, ஸ்கூல் பை மாட்டின குழந்தை. எதிர்காலத் தலைமுறைக்கு வழிகாட்டின்னு சொல்றாங்களாம். பாயோட கற்பனையைப் பாருங்கன்னு இவகிட்டச் சொன்னேன். இவ ஃபிளெக்ஸ் முன்னால நின்னு ஒவ்வொரு குழந்தையா ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தா. வா போகலாம்னு நான்தான் இழுத்துக்கிட்டு வந்தேன்.

விழா அன்னைக்கு மண்டபத்துல நாற்காலி பத்தல. எண்ணூறு பேருக்கு மேல. எங்க ஊர்ல என் பேச்சுக்கு அறுபது பேரு வந்தாலே பெருசு. அம்புட்டும் பொம்பளைங்க, இடுப்புல பிள்ளை, கையில பிள்ளை. எனக்கு இத்தனை ரசிகைங்க இருக்கறது எனக்கே தெரியாமப் போச்சேன்னு ஒரு கிறுகிறுப்பு. பெரிய பஞ்சு தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடுச்சு. பாய் பேசினாரு. எழுதிக் கொண்டாந்த தாளைப் பாத்துப் பாத்து, அங்கங்க முழுங்கி, வேர்த்து ஊத்திப் பேசினாரு. மேடைப் பழக்கம் இல்ல, பாவம். அப்புறம் பொன்னாடை. அரக்குக் கலர், ஜரிகை போட்டது. தோள்ல விழுந்தப்ப எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துருச்சு. பரிசா ஒரு வெள்ளித் தொட்டில். கையடக்கமா, சங்கிலியெல்லாம் வச்சு, ஆட்டுனா ஆடுது. தமிழைத் தாலாட்டினவனுக்குத் தொட்டில், எவ்வளவு பொருத்தம்னு அந்த நிமிஷமே என் ஏற்புரையில சேர்க்க மனசுல குறிச்சுக்கிட்டேன்.

அப்பத்தான் ஒரு பொண்ணு மேடைக்கு ஏறி வந்துச்சு. நிகழ்ச்சி நிரல்ல இல்ல. செல்வமேரி, தையல் கடை வச்சிருக்கற பொண்ணு, பெரிய பஞ்சுவோட அம்மா. பாய் தடுக்கப் பாத்தாரு. அதுக்குள்ள மைக்கைப் பிடிச்சுருச்சு. "எனக்குப் பேசத் தெரியாது"ன்னுச்சு. எங்க தொழில்ல இப்படி ஆரம்பிக்கறவங்களைக் கண்டாத்தான் பயம்.

"எம் மக பொறந்தப்ப அழலை. உடம்பே நீலமா இருந்துச்சு. டாக்டரு இன்னொரு ஆபரேஷன்ல இருந்தாரு. நர்சம்மா பிள்ளையைக் காலைப் பிடிச்சுத் தூக்கித் தட்டுனாங்க, தட்டிக்கிட்டே இருந்தாங்க. வாயில வாயை வச்சு ஊதுனாங்க. எங்க மாமியாரே விட்டுருங்கம்மான்னு சொல்லிருச்சு. இவ அழுகாம நான் விட மாட்டேன்னாங்க. அழுதுச்சு. அதுதான் இப்பப் பாட்டுப் பாடுச்சு."

அவ்வளவுதான் பேசுச்சு. இறங்கிப் போயிருச்சு.

தம்பி, முப்பத்தோரு வருஷம் மேடையில நின்னவனுக்கு ஒரு விஷயம் தெரியும். கைத்தட்டல் ஏமாத்தும். சிரிப்பு ஏமாத்தும், பக்கத்துல ஒருத்தன் சிரிச்சா இவனும் சிரிப்பான். கண்ணு ஏமாத்தாது. கூட்டம் நம்மளைப் பாக்குதா இல்லையான்னு நெத்தியிலயே தெரியும், வெயில் அடிக்கற மாதிரி. மொத்த மண்டபமும் எந்திரிச்சு நிக்குது, பொம்பளைங்க பிள்ளைகளைத் தூக்கித் தூக்கிக் காட்டுறாங்க. என் மேல பொட்டு வெயில் இல்ல. எல்லாக் கண்ணும் முதல் வரிசையில ஓரத்து நாற்காலியில இருந்துச்சு. அங்க இவ தலையைக் குனிஞ்சு, சேலை நுனியை மடிச்சு மடிச்சுப் பிரிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா.

அப்ப எனக்கு எல்லாம் வெளங்கிருச்சு. பழத்தட்டு, தெருமுக்குல அரை மணி நேரப் பேச்சு, ஃபிளெக்ஸ்ல பார்டர், அந்த வெள்ளைத் துணி, அது நர்சு சட்டை தம்பி. என் மடியில தொட்டில் ஆடுது. ஐயோ, இருநூறு ஊர்ல நான் சொன்ன ஜோக்கு. தலைகீழாத் தூக்கி ரெண்டு போடு. அந்தப் பொண்ணு சொன்னதும் அதேதான். எனக்கு ஓடி ஒளிஞ்சுக்கணும்போல ஆயிருச்சு.

இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. உங்ககிட்டயும் சொல்லணும்னு நெனைக்கல, வாய் ஓடிருச்சு.

அடுத்து ஏற்புரை. சொல்லருவி பேசுவாருன்னு கூப்பிட்டுட்டாங்க. பொன்னாடையைக் கழட்டி இவ தோள்ல போட்டு, உண்மையைச் சொல்லிக் கும்பிட்டுட்டு இறங்கிரலாம்னுதான் மைக்குக்குப் போனேன். கை பொன்னாடை மேல போயிருச்சு. இவ நிமிந்தா. லேசா, ரொம்ப லேசாத் தலையை ஆட்டுனா, வேணாம்னு. அப்புறம் தொண்டையைத் தொட்டுக் காட்டுனா. நான் மேடை ஏறுறப்பல்லாம் அவ காட்டுற சைகை அது. சுடுதண்ணி குடிச்சுட்டுப் பேசுங்கன்னு.

குடிச்சேன். பேசினேன். நாப்பது நிமிஷம் என்னைப் பத்தியே பேசினேன் தம்பி. முதல் மேடை, ரெண்டாவது மேடை, டிவி, பட்டம், ஆறு பக்கமும் பேசினேன். வேற என்ன செய்யட்டும்? அவ குடுத்ததைத் திருப்பிக் குடுக்க எனக்கு மனசு வரல. ஆசையாவும் இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. ஆனா அந்த ஜோக்கு வர்ற எடம் வந்ததும் வாய் நின்னு போச்சு. எல்லாரும் சிரிக்க ரெடியா மூஞ்சியை வச்சுக்கிட்டு இருக்காங்க. நான் ஒரு மடக்குத் தண்ணி குடிச்சுட்டுத் தாண்டிப் போயிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் இவ பொன்னாடையை மடிச்சுக்கிட்டே கேட்டா. "நல்லாப் பேசுனீங்க. இன்னைக்கு என்னைய வம்புக்கே இழுக்கலையே?"

"மறந்து போச்சு"ன்னேன்.

"வயசாகுதுல்ல"ன்னா.

அவ்வளவுதான் பேச்சு. தொட்டிலை ஷோகேஸ்ல என் கோப்பைங்களுக்கு நடுவுல வச்சிருக்கா. வெள்ளிக்கிழமை தவறாம விபூதி போட்டுத் துலக்கி, ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுட்டுத்தான் வேற வேலை. அந்த ஜோக்கை அன்னைக்கோட விட்டுட்டேன். அதுக்குப் பதிலா என் தொப்பையைப் பத்தி ஒன்னு சொல்றேன், பாதிச் சிரிப்புதான் வருது. இன்னைக்குக் காரைக்குடியில ஒரு பட்டிமன்றம். வா, காத்தாடப் போயிட்டு வருவோம்னு இவளையும் கூட்டிக்கிட்டு வந்தேன்.

சரி, என் கதையே பேசிட்டேன். உங்களுக்கு எந்த ஊரு? செம்பனேந்தலா? எங்க ஊரா? பாத்ததே இல்லையே. எட்டு வருஷமா துபாயா, அதான். பொறந்தது எங்க? நம்ம ஆசுபத்திரியிலயா. அப்ப நீங்க அந்த அம்மாவுக்கு எந்திரிச்சது... சரி. சரி தம்பி. உங்கம்மா காட்டிச் சொல்லியிருப்பாங்க, இவங்கதான்னு. குடுக்க வேண்டியவங்களுக்குத்தான் குடுத்திருக்கீங்க.

ஒரு உதவி செய்யணும். ஊருக்குப் போனதும் அம்மாகிட்ட, பஸ்ஸுல சொல்லருவியைப் பாத்தேன், மனுஷன் எல்லாத்தையும் ஒத்துக்கிட்டாருன்னு சொல்லிராதீங்க. இப்ப ஊருக்குள்ள நான் பெரிய ஆளு. டீக்கடையில எந்திரிச்சு எடம் குடுக்குறாங்க, வர்ற திருவிழாவுக்கு நான்தான் பேச்சாளரு. அதைக் கெடுத்துறாதீங்க. எனக்காகக் கேக்கல. அவளுக்கு வந்ததை எடுத்து எனக்குப் போத்தி விட்டிருக்கா. அது நழுவி விழுந்தா அவளுக்குத்தான் கஷ்டமா இருக்கும்.

அங்க பாருங்க, அதுக்குள்ள எவளோ ஒருத்தி கைப்பிள்ளையை அவ மடியில குடுத்துட்டா. தெரிஞ்சவங்களா இருக்காது, எங்க போனாலும் இப்படித்தான். திரும்பிப் பாக்குறா. பாத்தீங்களா, தொண்டையைத் தொட்டுக் காட்டுறா. மதுரையிலருந்து நிறுத்தாமப் பேசுறேன்ல. உங்க காலுக்குக் கீழ பிளாஸ்க் இருக்கு, கொஞ்சம் எடுங்க தம்பி. நான் எல்லாம் தெரிஞ்சுதான் மேடையில நின்னேன்னு இவளுக்கு இன்னும் தெரியாது. அவளுக்கு ஒன்னும் தெரியாது, பாவம்.